மரக்குழலில் அடைகாத்த கோழி

என் செல்போனைத் திறந்தால் முதலில் தெரிவது ஒரு கிராமபோன் படம். பிள்ளைகள் படமும் கிடையாது, வீட்டுக்காரர் படமும் கிடையாது. இதற்காக வீட்டில் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்தப் படம் மட்டும் அதில் இல்லாமல் இருந்திருந்தால், போன வருஷம் புரட்டாசியில் ஒரு கோழிக்காகப் பதினேழு நாள் கிறுக்குப் பிடித்தவளாட்டம் அலைந்திருக்க மாட்டேன்.

சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ் நான். வீட்டுக்காரர் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் மெஷின்மேன். விஸ்வநத்தம் போகிற ரோட்டில் வீடு. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூர் ஹாஸ்டலில் படிக்கிறார்கள். அவர்கள் காலி செய்துவிட்டுப் போன அறையில் ஐந்து கிராமபோன்கள் குடியேறிவிட்டன. லீவுக்கு வரும்போது மகள் ஒன்றை நகர்த்திவிட்டுத்தான் படுப்பாள். "அம்மா, இதுக்கு நீங்க நாலு நாய் வளர்த்திருக்கலாம்" என்பாள். நாய்க்கு ஊசி மாற்ற வேண்டாமே என்பேன். கிராமபோனுக்கு ஒவ்வொரு ரிக்கார்டு பாடி முடித்ததும் ஊசி மாற்ற வேண்டும். தினமும் ஊசியோடு பிழைக்கிற எனக்கு அதுவே ஒரு சொந்தம்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பரம்பரையாக வந்ததெல்லாம் இல்லை. கூட வேலை பார்த்த ஒருத்தியின் கல்யாணத்துக்குக் காரைக்குடி போனபோது தொற்றிக்கொண்டது. பந்தி முடிந்து எல்லாரும் சேலை பார்க்கப் போனார்கள். நான் பழைய சாமான் விற்கிற தெருவுக்குள் போனேன். பளபளவென்று பித்தளைக் குழலோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் சாவி கொடுத்து ஊசியை வைத்தார். கரண்டு இல்லை, பேட்டரி இல்லை, யாரோ ஒரு அம்மாள் என் முகத்துக்கு நேரே பாடினாள். எனக்குக் கை காலெல்லாம் புல்லரித்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் புத்தம்புது ஒட்டுப்பலகை.

"இந்தா பாரு, இது நம்ம கட்டிலவிடச் சின்ன வயசு" என்றார்.

போலி. பழசு மாதிரி புதிதாகச் செய்து விற்கிறார்களாம். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் நிஜமானதைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அதிலிருந்து ஆறேழு வருஷத்தில் நிஜமானவை நாலு சேர்ந்தன. அந்த நாலில் கடைசியாக வந்ததுதான் என் உயிரை வாங்கியது. கனத்த தேக்குப் பெட்டி, மோட்டார் கடிகாரம் போல ஓடும், ஆனால் குழல் இல்லை. வேறொரு கிராமபோனின் பித்தளைக் குழலை மாட்டிப் பார்த்தேன், சேரவில்லை. விற்ற ஆளிடமே கேட்டேன்.

"இது மரக்குழல் மாட்டுற பெட்டிம்மா. பெட்டி எங்கயாச்சும் கிடைக்கும். மரக்குழல் கிடைக்காது. கரையான் தின்னது போக மிச்சம் வெளிநாட்டுக்காரன் கொண்டுபோயிட்டான். நீங்க இத டீப்பாயா வச்சுக்கிடலாம்."

டீப்பாயா! அன்றைக்குப் பிடித்தது மரக்குழல் கிறுக்கு. மெல்லிசான மரப்பட்டைகளை வளைத்து, இதழ் இதழாக ஒட்டி, ஊமத்தம் பூவை விரித்த மாதிரி செய்திருப்பார்கள். படத்தில்தான் பார்த்திருந்தேன். பித்தளையிலும் தகரத்திலும் குரல் கொஞ்சம் மூக்கால் வரும், மரத்தில் நெஞ்சிலிருந்து வரும் என்று சொன்னார்கள். அந்தப் படத்தைத்தான் செல்போனில் வைத்துக்கொண்டேன். குழல் இல்லாத பெட்டி மூன்று வருஷம் பீரோ மேல் சும்மா உட்கார்ந்திருந்தது.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வார்டில் ஒரு பெண் முதல் நாள் குழந்தை பெற்றிருந்தாள். கூடமாட இருந்து பார்த்துக்கொள்ள அவளுடைய நாத்தனார் வந்திருந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், மானாவாரி நிலம் வைத்துப் பார்க்கிற குடும்பம். ஐம்பதை ஒட்டின வயசு, காதில் கல் வைத்த தோடு, எப்போதும் வாயில் ஒரு சிரிப்பு. நான் அந்தப் பெண்ணுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜை மேல் இருந்த என் செல்போன் மினுங்கியது. நாத்தனாரம்மா எட்டிப் பார்த்தார்.

"இதென்ன சிஸ்டரு, இந்தப் பூவு எங்க வீட்டு மச்சுல கிடக்கே?"

"கிராமபோன் குழலாக்கா? பித்தளையா?"

"பித்தளையா? நீங்க வேற! மரமுல்ல. பருத்திக்கொட்டைய சாக்குல கொட்ட எங்க மாமியாரு அதத்தான் கவுத்து வச்சுக்கிடுவாக."

நான் கையில் இருந்த பிரஷர் பம்பை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். "சிஸ்டர், கை வலிக்குது, சிஸ்டர்!" என்று படுக்கையில் இருந்தவள் அலறிய பிறகுதான் காற்றை இறக்கினேன். அவளுக்கு பிரஷர் சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் எகிறியிருக்கும்.

மறுநாள் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வாசல்வரை போய், குழந்தையை வாங்கி ஆட்டோவுக்குள் கொடுத்து, பைகளை ஏற்றி, இதுவரை எந்தத் தாய்க்கும் செய்யாத உபசாரமெல்லாம் செய்தேன். "ஞாயித்துக்கிழமை வாரேன்க்கா" என்றேன். "தாராளமா வாங்க, இறக்கித் தொடச்சு வைக்கிறேன்" என்று அக்கா சொன்னார். அந்தத் துடைத்து வைத்தல்தான் வினையாகப் போனது.

ஞாயிறு காலை வேதக்கோயில் ஆராதனையில் நான் பாடின பாட்டு எல்லாருக்கும் அரை வரி முன்னால் போய்க்கொண்டிருந்தது என்று வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். முடிந்த கையோடு ஸ்கூட்டரில் கிளம்பினோம். தாயில்பட்டிப் பக்கம் வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தீபாவளி சீசன், ஞாயிறும் வேலை. இரண்டு பக்கமும் வேப்ப மரத்துக்கு நடுவே சின்னச் சின்ன வெடிக் கம்பெனி ஷெட்டுகள். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டுக்காரர் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே போனேன்.

"ஏன் இப்படிக் குத்துற? நான் என்ன தபேலாவா?"

"வேகமாப் போங்க."

அக்கா வாசலிலேயே நின்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கொஞ்சம் திருட்டுச் சிரிப்பு.

"வாங்க சிஸ்டரு, வாங்க அண்ணாச்சி. வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல மோரு குடிங்க."

"குழலப் பாத்துட்டுக் குடிக்கிறேன்க்கா."

"இல்ல, குடிச்சுட்டே பாருங்க. பாத்தா குடிக்க மாட்டீக."

குடித்தேன். பின்பக்கம் தொழுவத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே, பழைய ஆட்டுரல் குழிக்குள் சிறுத்த முனையைச் செருகி, சுற்றிலும் செங்கல் அண்டக்கொடுத்து, வானத்தைப் பார்த்து விரிந்து நின்றது என் மரக்குழல். இதழ் இதழாக, ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் மெல்லிய கோடு ஓடி, தேன் நிறத்தில்.  அதற்குள்ளே, வைக்கோல் மேல், ஒரு செவலைக் கோழி உட்கார்ந்திருந்தது. விளிம்புக்கு மேல் தலையை மட்டும் நீட்டி, ஒரு கண்ணால் என்னை அளந்தது.

"அடை" என்றார் அக்கா.

"எது?"

"கோழி அடைக்கு உக்காந்திருக்கு. என்ன செய்யச் சொல்றீக சிஸ்டரு? ஓலைக் கடகத்துல மணலு போட்டு ஒழுங்காத்தான் முட்ட வச்சேன். இறங்கி இறங்கி ஓடுச்சு. உங்களுக்காகப் புதன்கிழம இத இறக்கித் தொடச்சு இங்கன சாத்தி வச்சேன் பாருங்க, நேரா போயி இதுக்குள்ள உக்காந்து கேருது. சரி, அதுக்குப் பிடிச்சது அதுதான்னு பதினோரு முட்டையையும் இதுக்கே மாத்திட்டேன்."

என் வீட்டுக்காரர் திரும்பி நின்று, தொழுவத்துச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"மெதுவா எடுத்துக் கடகத்துல வச்சா?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சுப் போச்சுன்னா அம்புட்டும் கூமுட்டை. இது முன்கோவக்காரி. இன்னும் பதினேழு நாளுதான், பொரிக்கட்டும். பொறவு எடுத்துக்கிட்டுப் போங்க. காசெல்லாம் வேண்டாம், நீங்க எங்க பிள்ளைய உலகத்துக்குக் கொண்டாந்தவுக. எனக்கு ஒரே ஒரு ஆசைதான். உங்க பொட்டிய இங்கன கொண்டாந்து, இத மாட்டி, ஒரு பாட்டுப் போட்டுக் காட்டணும். இதுக்குள்ள இருந்து எப்படிப் பாட்டு வரும்னு நான் பாக்கணும்."

பத்து மாதம் காத்திருக்கிற பெண்களைத் தினமும் பார்க்கிறவள் நான். பதினேழு நாள் என்ன பெரிய விஷயம்? குனிந்து உள்ளே பார்த்தேன். முட்டைகளோடு ஒரு இரும்புத் துண்டு கிடந்தது.

"அது என்னக்கா?"

"இடி இடிச்சா முட்ட கெட்டுப்போகுமுல்ல, அதுக்கு இரும்பு. கூட ரெண்டு மிளகா வத்தலும் போட்டிருக்கேன்."

இரும்பு மரத்தைக் கீறிவிடுமே என்று எனக்குப் பதைத்தது. கைக்குட்டையைக் கொடுத்து, "இத அந்த இரும்புல சுத்தி வச்சிருங்கக்கா" என்று கெஞ்சினேன். அக்கா சுற்றி வைத்தார். சிறுத்த முனையின் அளவை நூலால் எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். கோழி என் புறங்கையில் ஒரு கொத்து கொத்தியது. அளவு தெரியாமலே திரும்பினோம்.

அந்தப் பதினேழு நாளும் நான் இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. காலையில் வீட்டுக்காரர் நாள்காட்டித் தாளைக் கிழித்து, "பதினாறு" என்பார். மறுநாள் "பதினஞ்சு" என்பார். நான் சட்டினியில் உப்பு போடாமல் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பேன். டியூட்டிக்கு நடுவே அக்காவுக்குப் போன் போடுவேன்.

"கோழி எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"தீனி எடுத்துச்சா? தண்ணி குடிச்சுச்சா? எத்தன மணிக்கு இறங்குச்சு, எம்புட்டு நேரத்துல திரும்பி ஏறுச்சு?"

கூட இருந்த சின்ன நர்ஸ் ஒருத்தி பயந்துபோய், "சிஸ்டர், எந்த பெட்டு பேஷண்டு?" என்று கேட்டாள். கோழி என்றேன். அவள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். ரவுண்ட்ஸ் முடித்துப் போகும்போது டாக்டரம்மா என்னைப் பார்த்து, "டியூ டேட் என்னிக்கு?" என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டார்கள். நானும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு தேதி சொன்னேன். அதன் பிறகு வார்டு முழுக்க அந்தத் தேதிக்குக் காத்திருந்தது.

ஒரு சாயங்காலம் வானம் கறுத்து இடி இடித்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு முதல் வேலையாகப் போன் போட்டேன். அக்கா சிரித்தார். "இங்கன உள்ள கோழிக்கு இடியெல்லாம் தாலாட்டு சிஸ்டரு. வருசம் முச்சூடும் வெடிய டெஸ்ட் பண்ணுறதக் கேட்டு வளந்தது."

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, மதியம் டியூட்டி முடிந்து செருப்பை மாட்டும்போது அக்காவே கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"சிஸ்டரு, தெரு நாயி தொழுவத்துக்குள்ள பாஞ்சிருச்சு. கோழி பறந்து போயி வேப்ப மரத்து உச்சில உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேங்குது. முட்டையெல்லாம் ஆறுது."

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு நொடி என் மனசு துள்ளியது. முட்டை போச்சு, குழல் இன்றைக்கே வந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடி எனக்கே என்னைப் பார்க்கக் கூசியது. உள்ளே உயிர் அசைய ஆரம்பித்திருக்கும் முட்டைகள் அவை. எடை குறைந்து பிறந்த எத்தனை குழந்தைகளைச் சூடு காட்டிப் பிழைக்க வைத்திருக்கிறேன், கோழிக்குஞ்சு என்றால் மட்டும் வேறயா?

"அழாதீகக்கா. நான் சொல்றதச் செய்யுங்க. வெந்நி போடுங்க, கொதிக்கக் கூடாது. முழங்கைய விட்டுப் பாருங்க, பச்சப் பிள்ளையக் குளிப்பாட்டுற சூடு, அதுக்கு ஒரு பொட்டு மேல. ரெண்டு பாட்டில்ல ஊத்தி, பழைய வேட்டியில சுத்தி, முட்டைக்கு ரெண்டு பக்கமும் வைங்க. மேல ஒரு துணியப் போட்டு மூடுங்க. மூச்சு முட்டாம கொஞ்சம் திறந்து வைங்க."

போனை வைக்கவில்லை. அக்கா செய்யச் செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் ஆறினால் மாற்றச் சொன்னேன். அக்காவின் வீட்டுக்காரர் ஏணி போட்டு மரத்தில் ஏறினார். அவர் ஏற ஏறக் கோழி இன்னொரு கிளைக்கு ஏறியது என்று அக்கா நேர்முக வர்ணனை கொடுத்தார். "கைய நீட்டுறாக... அய்ய, பறந்துருச்சு... இப்பம் ஓட்டு மேல நிக்குது." ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். சின்ன நர்ஸும், ஆயாம்மாவும், டெலிவரிக்கு வந்தவர்களின் சொந்தக்காரர் இரண்டு பேரும் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் யாரும் துரத்தாதபோது கோழி தானாக இறங்கி, தொழுவத்துக்குள் போய், பாட்டிலைக் காலால் தள்ளிவிட்டு முட்டை மேல் உட்கார்ந்துகொண்டதாம்.

"உக்காந்துருச்சு சிஸ்டரு!"

"உக்காந்துருச்சு!" என்று நான் கத்தினேன். வராந்தாவில் கை தட்டினார்கள்.

சொன்ன தேதிக்குச் சரியாகப் புதன்கிழமை பொரித்தது. பதினொன்றில் ஒன்பது. அக்கா செல்போனில் படம் அனுப்பினார். மரக்குழலின் விளிம்பில் ஈரத் தலையோடு ஒரு குஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவிடம் காட்டினேன். "ஒன்பது பேரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிவரச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். கனத்துக்கு ஸ்கூட்டர் தாங்காது என்று ஷேர் ஆட்டோ பிடித்தோம். கையில் ஒரு புது ஓலைக் கடகம், கோழிக்கு ஒரு படி கம்பு, என்னுடைய ஒரே நல்ல ரிக்கார்டு. அதன் நடுவில் ஒட்டியிருந்த தாள் தேய்ந்துபோய், பாடியது யார், என்ன பாட்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு ஆம்பளைக் குரல், ஆர்மோனியம், நாடகப் பாட்டு.

அக்கா குழலை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். வைக்கோல் வாடையும் கோழி வாடையும் இருந்தது. ஒரு இதழில் மட்டும் விரல் நீளத்துக்கு விரிசல், அதுவும் பழைய விரிசல். நான் அதை இரண்டு கையாலும் தூக்கினேன். எவ்வளவு லேசு! பிறந்த பிள்ளையைத் தூக்குகிற கனம்கூட இல்லை. தொழுவத்திலிருந்து முன்வாசல்வரை நடக்கும்போது எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது, நிறுத்த முடியவில்லை. அக்காவும் சிரித்தார். 

பெட்டியை மர ஸ்டூலில் வைத்து, குழலின் சிறுத்த முனையை அதன் வளைந்த இரும்புக் கழுத்தில் செருகினேன். உட்கார்ந்தது, ஆனால் ஆடியது. கொஞ்சம் தொளதொளப்பு. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கைப்பையைத் திறந்தேன். நர்ஸ் பையில் இல்லாதது எது? பஞ்சை மெல்லிசாகப் பிரித்து முனையில் சுற்றி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, மறுபடி செருகினேன். அசையவில்லை. வீட்டுக்காரர், "தையல் பிரிக்க என்னிக்கு வரணும் சிஸ்டர்?" என்றார்.

சாவி கொடுத்தேன். புது ஊசி மாட்டினேன். தட்டு சுற்ற ஆரம்பித்தது. ஊசியை இறக்கினேன். முதலில் கரகரவென்று சோளம் பொரிகிற சத்தம். அப்புறம் "ஙொய்ங்" என்று ஒரு அதிர்வு. ஆர்மோனியமா, வண்டா என்று தெரியாத ஒரு சத்தம். உள்ளே ஏதோ கிடந்து அதிர்கிறது. நிறுத்தி, குழலைக் கழற்றிக் கவிழ்த்து உலுக்கினேன். கால் மிளகாய் வத்தலும், கட்டை விரல் நகம் அளவு முட்டை ஓடும் விழுந்தன. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுபடி மாட்டி, மறுபடி ஊசியை இறக்கினேன்.

இந்த முறை அவர் பாடினார். என்னிடம் அந்த ரிக்கார்டு நாலு வருஷமாக இருக்கிறது. தகரக் குழலில் போட்டுப் போட்டு அவரை நான் சளி பிடித்த ஆளென்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு மரத்தின் வழியே அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது. மூச்சு எடுக்கிறது கேட்டது. ஆர்மோனியக் கட்டையில் விரல் விழுகிற "டொக்" கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வழிந்தது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. அக்கா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஏயப்பா, ஏயப்பா" என்றார். குழலின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார்.

அப்போதுதான் செவலைக் கோழி வந்தது. ஒன்பது குஞ்சும் பின்னால் வர, முற்றத்தைக் கடந்து நேரே வந்து, தன் கூட்டுக்குள் ஒரு ஆம்பளை உட்கார்ந்து கத்துவதைக் கழுத்தைச் சாய்த்துக் கேட்டது. முன்கோவக்காரி என்று அக்கா சொன்னது சும்மா இல்லை. சிறகை விரித்துக்கொண்டு ஒரே தாவு. குழல் விளிம்பில் ஒரு கால், சுற்றுகிற ரிக்கார்டில் ஒரு கால். ஊசி சர்ரென்று வழுக்கியது, பாட்டு வீறிட்டது, கோழி ரிக்கார்டோடு சேர்ந்து ஒரு அரைச் சுற்றுச் சுற்றியது. நான் குழலைக் கட்டிப்பிடித்தேன். வீட்டுக்காரர் கோழியைக் கட்டிப்பிடித்தார். அக்கா தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தார். குஞ்சுகள் திசைக்கொன்றாக ஓடின.

ரிக்கார்டில் ஒரு கீறல் விழுந்தது. குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோழியைக் கடகத்தைப் போட்டுக் கவிழ்த்து வைத்தார்கள்.

இவ்வளவு நேரமும் அக்காவின் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து நின்றார். பேச்சே கிடையாத மனுஷர். மெதுவாகப் பக்கத்தில் வந்து, "இன்னொருக்கப் போடுங்க" என்றார். போட்டேன். முடிந்தது. "இன்னொருக்க." போட்டேன். கீறல் விழுந்த இடத்தில் பாடகர் ஒரு விக்கல் விக்கினார், அந்த இடம் வரும்போதெல்லாம் அக்காவின் வீட்டுக்காரருக்கு மட்டும் மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. கொண்டுபோன ஊசிகள் தீரும்வரை போட்டோம். அதற்குள் பக்கத்து வீட்டார், எதிர் வீட்டார், மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தவர் என்று முற்றம் நிறைந்துவிட்டது. அக்கா கோழியடித்துக் குழம்பு வைக்கிறேன் என்றார். அன்றைக்கு என்னால் கோழி தின்ன முடியாது என்று சொல்லிவிட்டேன். பருப்புக் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டோம்.

திரும்பும்போது வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வேஸ்ட் தாள்களால் குழலைச் சுற்றினார். மெஷின் சரிபார்க்க அடித்த காலண்டர் தாள்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அச்சு விழுந்து, சிரிக்கிற குழந்தைக்கு ஆறு கண், மூன்று வாய். ஷேர் ஆட்டோவில் வெடிக் கம்பெனி வேலை முடிந்த பெண்கள் ஏறினார்கள். விரலெல்லாம் வெள்ளி மருந்து. என் மடியில் இருந்ததைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்.

"என்னக்கா இது, பிள்ளையா?"

"கிராமபோன் குழலுங்க."

அவளுக்குப் புரியவில்லை. தாளைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன். இதழைத் தடவிப் பார்த்து, "நல்ல வழுவழுன்னு இருக்கு" என்றாள். இறங்கின பிறகு பார்த்தால் அந்த இடத்தில் வெள்ளியாக ஒரு விரல் ரேகை. துடைக்கத் துணி எடுத்தேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

விரிசலை ஒரு தச்சர் வந்து பார்த்து ஒட்டிக்கொடுத்தார். பஞ்சும் பிளாஸ்திரியும் போய் இப்போது தோல் வளையம் போட்டிருக்கிறது. குழலோடு அந்தப் பெட்டியைப் பீரோ மேலிருந்து இறக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். டிவி படுக்கையறைக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார். காலண்டர் சீசன் முடிந்து, லோடெல்லாம் போய் அவருக்கு ஓய்வு கிடைத்ததும், அவரே சாவி கொடுக்க ஆரம்பித்தார்.

கார்த்திகையில் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு அக்கா கூப்பிட்டார். பின்னால் காற்றுச் சத்தமும், பல பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டது.

"சிஸ்டரு, டூட்டியா?"

"இல்லக்கா, நைட்டுதான். வீட்டுல இருக்கேன். என்ன சத்தம்?"

"மக்காச்சோளத்துல களை எடுக்கோம். இவளுக நான் சொன்னா நம்ப மாட்டேங்காளுக. பாட்டுப் போடுங்க, நான் ஸ்பீக்கருல வைக்கிறேன்."

செல்போனைக் குழலின் வாய்க்கு நேரே ஸ்டூலில் சாத்தி வைத்தேன். புது ஊசி மாட்டி, சாவியை முழுசாக முறுக்கினேன். பாட்டு ஆரம்பித்தது.  அந்தப் பக்கம் ஒருத்தி, "சத்தமா வைக்கச் சொல்லு மதினி" என்றாள். கிராமபோனுக்குச் சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நான் ஸ்டூலை இன்னும் ஒரு சாண் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.